மணல் ஒழுங்கைக்கு எந்தச் சக்கர நாற்காலி?

கேள்வி: மூதூரில் எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கம் சக்கர நாற்காலிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறது. ஆஸ்பத்திரி வகை மணலில் புதைகிறது. என்ன எழுதிக் கேட்பது?

பதில் 1: சின்ன முன்சில்லுதான் காரணம், பாரம் இறங்கினால் மணலை வெட்டும். நீளமான அடித்தளமும் அகலமான ஒற்றை முன்சில்லும் உள்ள மூன்றுசில்லு நாற்காலி என்று எழுதுங்கோ. இருக்கை அகலம் அவரவர் இடுப்பளவுக்கு. கூடினால் உடம்பு ஒரு பக்கம் சரியும். முதுகுத்தண்டு பாதித்தவருக்கு மெத்தை கட்டாயம், இல்லாவிட்டால் அழுத்தப்புண் வரும். எல்லாருக்கும் ஒரே அளவென்றால் ஏற்கவே வேண்டாம்!

பதில் 2: அளவை பிசியோதெரபிஸ்ட் எடுக்கட்டும். வைத்திய அறிக்கையோடு பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கோ.

பதில் 3: அலுவலக வாசலில் படி மட்டும்தானா? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டிச் சாய்தளம் கேளுங்கோ: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்.