வெள்ளம் வந்தால் எடுத்துப்போகும் பைக்கு எந்த அடுப்பு? வாங்கியது நடுவில் அணைந்துவிடுகிறது

கீழ்வீட்டுக்காரன்:
வணக்கம். வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பலருக்கும் தெரிந்திருக்கும். கரண்ட் கிடையாது, பால் பாக்கெட்டுக்கு அலைச்சல், அடுப்படிக்குள் முழங்கால் தண்ணீர். அப்போது நானும் மனைவியும் மட்டும்தான். இப்போது ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறாள், பால் பவுடர்தான் குடிக்கிறாள். சர்க்கரை உள்ள அம்மாவும் கூட இருக்கிறார். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு பையைத் தயார் செய்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

நீளமான பியூட்டேன் கேனைப் பக்கவாட்டில் மாட்டுகிற பெட்டி அடுப்பு ஒன்று வாங்கினேன். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் பற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், அடுப்பு அணைந்துவிடுகிறது. கேன் தன் இடத்தை விட்டு நழுவி நிற்கிறது. உடனே திரும்ப மாட்டினாலும் நிற்பதில்லை. அடுப்பு பழுதா? திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வகை வாங்கவா?

மலைப்பாதை:
பழுது மாதிரி தெரியவில்லை நண்பரே. இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேலே என்ன பாத்திரம் வைத்தீர்கள்? காற்றுக்கு ஏதாவது மறைப்பு வைத்தீர்களா?

கீழ்வீட்டுக்காரன்:
பெரிய இரும்பு தோசைக்கல். மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது, அதனால் மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் அடுக்கியிருந்தேன்.

மலைப்பாதை:
அதுதான் விஷயம். கேன் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் அடுப்பே கேனைத் தள்ளிவிட்டு எரிவாயுவை நிறுத்திக்கொள்ளும். நீங்கள் கேட்ட 'டக்' அதுதான். அது வேலை செய்யாமல் போயிருந்தால்தான் பயப்பட வேண்டும். தோசைக்கல் பர்னரைத் தாண்டி கேன் இருக்கிற மூடிக்கு மேல்வரை நீண்டிருக்கும், அதன் வெக்கை நேராகக் கேனில் இறங்கும். பிளாக் அடுக்கியதில் அந்தச் சூடு வெளியேறவும் வழியில்லை. கேன் ஆறும்வரை திரும்ப மாட்டினாலும் நிற்காது.

கேன் பகுதிக்கு மேலே நீளாத சின்னப் பாத்திரமாக வையுங்கள். மறைப்பு வேண்டுமென்றால் காற்று வரும் ஒரு பக்கம் மட்டும், அதுவும் அடுப்பை விட்டுத் தள்ளி. இரண்டு பெட்டி அடுப்பை ஒட்டிவைத்து மேலே ஒரே அண்டாவை ஏற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்த வேலையே வேண்டாம்.

பியூட்டேன் குளிரில் மக்கர் பண்ணும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிர் உள்ள ஊர்களின் கவலை. வேளச்சேரிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

தாம்பரத்து அத்தை:
தம்பி, நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படகில் ஏற்றிக்கொண்டு போகிற நேரத்தில் ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் அம்மா. அதில் இந்தப் பெட்டியை யார் தூக்குவது? கேனோடு சேர்த்தால் இரண்டு கிலோவை நெருங்கும். முகாமுக்குப் போனால் சாப்பாடு தருவார்கள். பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்து ஐம்பது பேர் படுத்திருக்கும்போது அடுப்பு பற்றவைக்க விடவும் மாட்டார்கள், விடவும் கூடாது. பெரியவர்களுக்கு அவல், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம் போதும். அம்மாவுக்கு மட்டும் வேளை தவறாமல் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். பெட்டி அடுப்பு, மேல்வீட்டில் தங்கிச் சமாளிக்கிற நாட்களுக்குத்தான் சரி.

கீழ்வீட்டுக்காரன்:
நீங்கள் சொல்வது நியாயம்தான் அத்தை. ஆனால் பால் பவுடருக்குச் சுடுதண்ணீர் வேண்டுமே?

வார்டு நம்பர் 4:
குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்கிறேன். பால் பவுடர் கிருமியே இல்லாத பொருள் கிடையாது. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கரைத்த பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். அடுப்புக்கு முன்னால் ஒரு நல்ல ஃபிளாஸ்க் வாங்குங்கள். எச்சரிக்கை வந்ததுமே, வீட்டு காஸ் எரிகிறபோதே, தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றி மூடுங்கள். முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஃபிளாஸ்க்கைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு ஊற்றினால் சூடு இன்னும் நிற்கும். தரமான ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் ஆறு மணி நேரம் கழித்தும் 70க்கு மேல் இருக்கும். உங்கள் ஃபிளாஸ்க் தாங்குகிறதா என்று ஒரு தெர்மாமீட்டரால் இப்போதே பார்த்துவிடுங்கள். கலக்கிய பால் மீந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பவுடரை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து வைத்துவிட்டால் இருட்டில் ஸ்பூன் தேட வேண்டாம்.

மலைப்பாதை:
ஃபிளாஸ்க் அருமையான யோசனை. அது தீர்ந்த பிறகு என்ன என்பதற்குத்தான் பையில் ஒரு சின்ன அடுப்பு. நான் மலைக்கு எடுத்துப்போவது உள்ளங்கையில் மடங்குகிற தகர அடுப்பு, கூடவே ஹெக்ஸமின் வில்லைகள், அதாவது பற்றவைத்தால் எரிகிற கட்டி எரிபொருள். ராணுவத்தில் ரேஷன் சூடாக்கப் பயன்படுத்துவார்களே, அதே சரக்கு. 14 கிராம் வில்லை ஒன்று, காற்றில்லாத இடத்தில் அரை லிட்டரைக் கொதிக்கவைக்கும். கசியாது, வெடிக்காது. ஆனால் நாற்றம் உண்டு, பாத்திரத்தின் அடியில் பிசுபிசுவென்று கரி ஒட்டும், தண்ணீர் பட்டால் கரையும். அதனால் ஜிப் பையில் போட்டு இறுக்கி மூட வேண்டும். வாயில் போட்டால் நஞ்சு, மிட்டாய் மாதிரி இருக்கும், குழந்தை கைக்கு எட்டக்கூடாது. புகையும் நல்லதல்ல, அறைக்குள் வேண்டாம்.

ஸ்பிரிட் அடுப்பு வாங்கச் சொல்கிறவர்களும் உண்டு. பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் முடிந்தது கதை. பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பம்ப் ஸ்டவ்:
எதற்கு இவ்வளவு? பங்க்கில் 5 கிலோ சோட்டு சிலிண்டர் கிடைக்கிறதே, மேல்வீட்டில் ஒன்று போட்டு வைத்தால் நாலு குடும்பத்துக்குச் சமைக்கலாம்.

மலைப்பாதை:
மாடியில் தங்குவதற்கு அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. தெருவோரக் கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து பிடித்துக் கொடுக்கிற குட்டி சிலிண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கீழ்வீட்டுக்காரன்:
பிளாக்கை எடுத்துவிட்டு, பால் காய்ச்சுகிற சின்னக் கிண்ணத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் கொதித்தது, அடுப்பு அணையவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. பெட்டி அடுப்பு மேல்வீட்டு அக்காவிடம் இருக்கட்டும், பையில் ஃபிளாஸ்க்கும் வில்லை அடுப்பும். இன்னும் இரண்டு சந்தேகம். எத்தனை கேன் வாங்கி வைப்பது? மழை அதிகமானால் தஞ்சாவூருக்கு ரயில் ஏறிவிடலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. ஒரு கேனைப் பையில் போட்டுக்கொள்ளலாமா?

மலைப்பாதை:
ரயிலில் கூடவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைக்கப்போய்த் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். எரிபொருளை ரயிலில் கொண்டுபோவது சட்டப்படியும் குற்றம், வில்லைக்கும் அதே கதைதான். ஸ்டேஷனுக்குப் போவதென்றால் இரண்டையும் அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு ஃபிளாஸ்க்கோடு போங்கள்.

கேன் கணக்கு சுலபம். காற்றில்லாமல் மூடி போட்டுக் கொதிக்கவைத்தால் லிட்டருக்கு 15 கிராம் போகும். காற்றுக்கும் கழிவுக்கும் சேர்த்து 20 என்று வைத்தாலும் 220 கிராம் கேனில் 11 லிட்டர். மூன்று கேன் தாராளம். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும், அதனால் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். பயன்படுத்தியதும் கேனைக் கழற்றி மூடி போட்டுத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

தாம்பரத்து அத்தை:
கூடவே தீப்பெட்டியும் ஒரு லைட்டரும். லைட்டர் நனைந்தால் பிடிக்காது, தீப்பெட்டியை மாத்திரை டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். மேல்வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள், மழை என்று கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு பற்றவைக்க வேண்டாம், அந்தப் புகை தெரியாமலேயே ஆளைச் சாய்க்கும். பால்கனிக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டால் சரி.