ப்ளஸ் டூ முடிந்தது, மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

வியாசர்பாடி மாணவன்:
எல்லாருக்கும் வணக்கம். ரிசல்ட் வந்துவிட்டது. கணக்கு 84, பிசிக்ஸ் 72, கெமிஸ்ட்ரி 78. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான், எங்கள் வீட்டில் காலேஜ் போகப்போகும் முதல் ஆள் நான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு, வட்டிக்கு வாங்கி ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இந்த வாரமே அட்வான்ஸ் கட்டப் பார்க்கிறார், விட்டால் கிடைக்காதாம். எனக்குப் பிடித்தது பிசிக்ஸ். அதைச் சொன்னாலே அம்மா அழுகிறார். என்ன செய்யலாம்?

பெரம்பூர் அக்கா:
தம்பி, முதலில் அந்தக் கடனை நிறுத்தச் சொல். உன் கட்-ஆஃப் 200க்கு 159, கணக்கு மார்க் அப்படியே, மற்ற இரண்டும் பாதிப் பாதி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அரசு நடத்தும் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் அதில் சீட் கிடைத்தால் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் இது கிடையாது, வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் போச்சு. அப்பாவிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், பாவம், நீதான் சொல்ல வேண்டும். அப்புறம், கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில், இது நமக்கு வராது என்று நீயே எதையும் வெட்டாதே, பிடித்த வரிசையில் எத்தனை வேண்டுமானாலும் போடு.

பிசிக்ஸ் படித்தவன்:
இன்ஜினியரிங்குக்கும் போடு, அரசு கலைக் கல்லூரிக்கும் போடு. இரண்டும் தனித்தனி விண்ணப்பம், ஒன்றால் மற்றது கெடாது. மாநிலக் கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி இரண்டையும் பார். அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். ஆனால் ஒன்று, பி.எஸ்சி.யோடு நின்றால் நல்ல வேலை கஷ்டம்தான், எம்.எஸ்சி. வரை போக வேண்டும், அதற்கான ஜாம் நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கினால் ஐஐடியிலேயே படிக்கலாம். மொத்தம் ஐந்து வருஷம் வீடு தாங்குமா என்று அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசு. அம்மா அழுவது அந்த ஐந்து வருஷத்தை நினைத்துத்தான்.

எம்.கே.பி. நகர் மாமா:
எங்கே விசாரிக்கப் போனாலும் ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி.யைக் கொடுத்துவிட்டு வராதேப்பா. காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான். திரும்ப வாங்க அலைந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை.

வியாசர்பாடி மாணவன்:
ரொம்ப நன்றி. அப்பா சவாரி முடிந்து வந்ததும் இதையெல்லாம் படித்துக் காட்டுகிறேன். முதல் பட்டதாரி சான்றிதழ் எங்கே வாங்குவது?

பெரம்பூர் அக்கா:
இ-சேவை மையத்தில். ஆதார், ஸ்மார்ட் கார்டு, டி.சி. எடுத்துக்கொண்டு போ, குடும்பத்தில் யார் யார் என்ன படித்தார்கள் என்று கேட்பார்கள். நாளைக்கே போய்விடு, கடைசி நாளில் கூட்டம் தாங்காது.