ஓடுகிற வைப்பர் மோட்டாரைத் திசை திருப்பினால் போர்டு ஏன் எரிகிறது?

செக்காலை எலக்ட்ரீஷியன்:
காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் மூடி போட்டு, கார் கண்ணாடி துடைக்கும் 12 வோல்ட் வைப்பர் மோட்டாரால் கம்ப்யூட்டர் வழியாக இழுக்க விடுகிறார்கள். இதில் அடிக்கடி கண்ணில் படுவது ஒரே கோளாறு. மூடி பாதி திறந்திருக்கும்போது தூறல் விழும், கம்ப்யூட்டர் சட்டென்று ‘மூடு’ என்று சொல்லும், மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துத் திசை மாற்றும் டிரைவர் போர்டு புகையும்.

கணக்கு எளிது. சுருளின் தடை 0.6 ஓம் என்றால், மோட்டார் சிக்கி நிற்கும்போது 20 ஆம்பியர் இழுக்கும். ஓடும்போது அதுவே சுமார் 10 வோல்ட் எதிர் மின்னழுத்தம் உண்டாக்குவதால் 3 ஆம்பியரோடு அடங்கிவிடும். ஓட்டத்திலேயே பிளஸ்-மைனஸை மாற்றினால் அந்த 10 வோல்ட்டும் பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும்: 22-ஐ 0.6-ஆல் வகுத்தால் 37 ஆம்பியருக்குக் கிட்டே. எல்298என் என்ற டிரைவர் போர்டு ஒரு சேனலுக்கு (ஒரு மோட்டார் வழிக்கு) 2 ஆம்பியர்தான் தாங்கும். இந்த வேலைக்கு அதை வாங்கவே வேண்டாம். பிடிஎஸ்7960 என்ற பெரிய டிரைவர் போர்டு போடலாம். அதன் மேல் 43 ஆம்பியர் என்றிருப்பதை நம்பி, அந்தச் சின்ன ஹீட்சிங்க்கோடு (சூடு தணிக்கும் உலோகத் தகடு) தொடர்ந்து ஓட்டக் கூடாது.

முறை இதுதான்: பிடபிள்யூஎம்-ஐ (வேகமாக அணைத்து அணைத்துப் போட்டு மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) அரை நொடியில் படிப்படியாகச் சுழிக்கு இறக்கு, இன்னொரு அரை நொடி சும்மா விடு, திசையை மாற்று, மறுபடி மெதுவாக ஏற்று. பேட்டரிப் பக்கம் 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

கண்டனூர் ரிலே:
அண்ணே சொன்னதோடு ஒன்று. பழைய இரும்புக்கடை வைப்பர் மோட்டார்களில் பலவற்றுக்கு உடம்பே நெகட்டிவ். அதை இரும்புச் சட்டத்தில் முறுக்கி, சட்டமும் பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருந்தால், ஒரு திசையில் நன்றாக ஓடும். மறு திசையில் நேரே ஷார்ட். மாட்டுவதற்கு முன் மீட்டரை வைத்து உடம்புக்கும் ஒயருக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போல்ட்டுக்கு நைலான் புஷ், அடியில் ரப்பர்.

ரிலே (மின்சாரத்தால் தட்டப்படும் சுவிட்ச்) வைத்துத் திருப்புகிறவர்கள் கரண்ட் ஓடும்போது ரிலேயைத் தட்டாதீர்கள். டிசி-யில் தீப்பொறி லேசில் அணையாது, காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். முதலில் மாஸ்ஃபெட்டை (மோட்டார் கரண்டை அணைத்துப் போடும் டிரான்சிஸ்டர்) அணைத்து, மோட்டார் நின்ற பிறகு ரிலேயை மாற்றி, 50 மில்லி செகண்ட் விட்டு மாஸ்ஃபெட்டை மறுபடி போட வேண்டும்.

தேவகோட்டை கோடிங்:
அண்ணே, இந்த வரிசையைக் கம்ப்யூட்டரிடம் விடவே கூடாது. விண்டோஸ் நடுவில் அப்டேட் என்று உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டர் ‘திற’, ‘மூடு’, ‘நில்’ மட்டும் அனுப்பட்டும். இறக்குவது, காத்திருப்பது, மாற்றுவது எல்லாம் ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டின் வேலை. 200 மில்லி செகண்டுக்கு ஒருமுறை கட்டளை வர வேண்டும், 500 மில்லி செகண்ட் வரை வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும்.

பலர் கவனிக்காதது: கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டைத் (ஆர்டுயினோவோடு பேசும் இணைப்பு) திறந்ததும் ஆர்டுயினோ ஊனோ ரீசெட் ஆகும். அந்த நேரத்தில் பின்கள் எந்தப் பக்கமும் சேராமல் தொங்கும், மூடி தானாகத் துள்ளும். டிரைவரை வேலை செய்யவிடும் இரண்டு எனேபிள் ஒயரிலும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் அடங்கும்.

செக்காலை எலக்ட்ரீஷியன்:
சரி தம்பி. மூடி கடைசி எல்லைக்கு வந்ததும் நிறுத்தும் லிமிட் சுவிட்சையும் புரோகிராமிடம் மட்டும் விடாதீர்கள். மோட்டார் ஒயரிலேயே தொடரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 6 ஆம்பியர் டயோடு வையுங்கள். மூடி எல்லைக்குப் போய்ச் சுவிட்சில் மோதினால் அந்தத் திசை அறுபடும், திரும்பி வர டயோடு வழி விடும். மூடியைப் பாதியில் நிறுத்தி, சுவிட்சைக் கையால் அழுத்தியபடி ஓட்டிப் பார்த்தால் டயோடு தலைகீழாக இருப்பது அப்போதே தெரிந்துவிடும்.