குத்துவிளக்குப் பட்டறைக்கு முதலில் எதற்குக் காசு: படத்துக்கா, தளத்துக்கா?

பட்டறைப் பையன் (நாச்சியார்கோவில்): வணக்கம். அப்பாவின் குத்துவிளக்குப் பட்டறைக்கு ஒரு வலைத்தளம் வேண்டும். இப்போதைக்கு ஒரு சந்தாதான் கட்ட முடியும். படம் திருத்தும் கருவிக்குக் கட்டவா, விக்ஸ் மாதிரி தளம் அமைக்கும் கருவிக்கா?

குடந்தை வெற்றிலை: தளத்துக்குக் கட்டுங்க தம்பி. விக்ஸ் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் நிற்கும், தளத்தின் முகவரியிலும் அவர்கள் பெயர்தான். ஐயாயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்குகிறவர் அதைப் பார்த்துப் பணம் அனுப்பத் தயங்குவார். படம் திருத்த, உலாவியிலேயே ஓடும் போட்டோபியா இலவசமாகவே கிடைக்கிறது.

திருவையாறு கேமரா: ஒத்துக்க மாட்டேன் அண்ணே. பித்தளையைப் படம் எடுத்திருக்கிறீர்களா? எடுக்கிறவர் சட்டை நிறம்கூடத் தண்டில் தெரியும். போன மாதம் தானாகப் பின்னணியை நீக்கும் கருவியில் ஒரு விளக்கைப் போட்டேன், பின்னால் மஞ்சள் சுவர், உச்சியில் இருந்த அன்னத்தின் அலகு சுவரோடு சேர்ந்து போய்விட்டது. வண்டல் மண்ணில் வார்த்து, கடைசல் பிடித்து, அவ்வளவு பாடுபட்டுச் செய்த விளக்கை மூக்கறுந்து காட்டலாமா? நல்ல படம் இருந்தால் வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் வரும், தளம் பிறகு பார்க்கலாம்.

குடந்தை வெற்றிலை: நீங்கள் சொல்வதே என் பக்கம்தானே தம்பி! அலகை வெட்டியது தானியங்கி. போட்டோபியாவில் பேனா கருவியை எடுத்து விளிம்பைக் கையால் சுற்றி வந்தால் வெட்டுப்படாது, ஒரு விளக்குக்கு அரை மணி நேரம் ஆகட்டுமே. படம் நம் கணினியிலேயே திறக்கிறது, எங்கேயும் ஏறுவதில்லை.

திருவையாறு கேமரா: பட்டறையில் நாற்பது வகை விளக்கு இருந்தால்? அரை மணி அரை மணியாக இருபது மணி நேரம் அண்ணே. அதை யார் உட்கார்ந்து செய்வது?

மன்னை மண்டி: இடையில் ஒன்று. விக்ஸில் ஒரு வார்ப்புருவை, அதாவது தளத்தின் ஆயத்த வடிவமைப்பை, எடுத்துவிட்டால் அந்தத் தளத்துக்கு வேறொன்றை மாற்றிப் போட முடியாது, தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்கும் போக முடியாது. தளம் அமைக்கும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003 முதல் திறந்த மூலம், யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம், சொந்தமாக நிறுவினால் எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், ஆனால் பராமரிப்பு நம் தலையில். அதைவிட முக்கியம், முகவரியை யார் பெயரில் பதிகிறீர்கள் என்பது. மாமாவின் அரிசி மண்டிக்குத் தளம் செய்தவர் முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார், அப்புறம் ஆளே கிடைக்கவில்லை. சாக்குப் பையில் அச்சடித்த முகவரி இப்போது திறப்பதில்லை. மாமா இன்னும் அந்தச் சாக்கைத்தான் பயன்படுத்துகிறார்.

பட்டறைப் பையன்: சரி, முகவரியை அப்பா பெயரில் இந்த வாரமே வாங்கிவிடுகிறேன். நாற்பது இல்லை, முதலில் ஆறு விளக்கு மட்டும். பேனா கருவி பழகிப் பார்க்கிறேன்.

திருவையாறு கேமரா: ஆறு என்றால் சரி. வெயிலில் எடுக்காதீர்கள், திண்ணை நிழலில் வைத்து இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், பளபளப்பு அடங்கும். மஞ்சள் சுவர் வேண்டாம், சாம்பல் துணி போடுங்கள். எடுத்த படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியே தளத்தில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் போனில் திறக்கும் முன் ஆள் போய்விடுவார்.