சைலன்சரை மாற்றிய பின் மைலேஜ் குறைந்த கதை: ஹிமாலயன் 411 ஃபியூவல் மேப்பிங் அனுபவம்

சைலன்சரை மாற்றினாலே இழுவையும் மைலேஜும் சேர்ந்து கூடிவிடும் என்று கடைகளில் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். சைலன்சரால் மட்டும் இரண்டில் ஒன்றுகூட நடப்பதில்லை. ஃபியூவல் மேப்பிங்கையும் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று எஞ்சின் கணினியில் உள்ள ‘மேப்’ அட்டவணையைத் திருத்துவது) சேர்த்து, அளந்து, காரணம் தெரிந்து செய்தால் இரண்டிலும் ஓரளவு பலன் உண்டு என்பதை என்னுடைய பிஎஸ் 6 ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 எனக்குத் தெளிவாகக் காட்டியது. கோயம்புத்தூர் நகர நெரிசலிலும், நெடுஞ்சாலையிலும், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டி என்பதால் மாற்றங்களை மூன்று விதமான ஓட்டத்திலும் ஒப்பிட முடிந்தது.

இந்த எஞ்சின் 411 சிசி ஒற்றைச் சிலிண்டர். விட்டம் 78 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 86 மில்லிமீட்டர். 6,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுழற்சி) ஏறத்தாழ 24 குதிரைத்திறனும், 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் 32 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஸ்ட்ரோக் நீளமான எஞ்சின் என்பதால் இதன் பலம் முழுவதும் கீழ் ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது. ஆகவே 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் காற்று எளிதாக வெளியேற வழி செய்யும் அகலக் குழாய்களால் இந்த வண்டிக்கு அதிக லாபமில்லை. குழாய் அகலமானால் கீழ் ஆர்பிஎம்மில் வெளியேறும் வாயுவின் வேகம் குறைந்து, சிலிண்டரில் எஞ்சும் எரிந்த வாயுவை இழுத்துக்கொண்டு போகும் விசையும் குறைகிறது. எஞ்சினுக்கு ‘பேக் பிரஷர்’ (வெளியேறும் வாயுவுக்கு எதிரான அழுத்தம்) வேண்டும் என்று பலர் சொல்வது சரியன்று. அதற்கு வேண்டியது வாயுவின் வேகமும், வால்வு திறந்திருக்கும் நேரத்தில் சரியாகத் திரும்பி வரும் அழுத்த அலையும்தான். இதை மனத்தில் வைத்தே எஞ்சினிலிருந்து வாயுவைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பையும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் தொடாமல், கடைசியில் உள்ள சைலன்சரை மட்டும் எடை குறைந்ததாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மேப்பிங்கிற்கு நான் எடுத்துச் சென்ற பணிமனையில், காற்று–பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்துவதற்காகப் பெண்ட் பைப்பைக் கழற்றி, அதில் ஒரு திருகு வாயைப் பற்றவைத்து மீண்டும் பூட்டினார்கள். பிறகு புதிய சைலன்சரையும், இன்ஜெக்டருக்குப் போகும் மின் சைகையைத் திருத்தும் பிக்கிபேக் இசியூவையும் (வண்டியின் எஞ்சின் கணினியான இசியூவோடு சேர்த்துப் பொருத்தும் துணைக் கணினி) இணைத்து, டைனோ என்ற திறன் அளக்கும் இயந்திரத்தில் ஓட்டி மேப் ஏற்றித் தந்தார்கள். முதல் சில நாட்கள் வண்டி மிருதுவாக ஓடியது. ஆனால் லிட்டருக்கு 30 கிலோமீட்டரைச் சுற்றியே இருந்த மைலேஜ் 25-க்கு இறங்கியது. ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரிலிருந்து பட்பட்டென்று வெடிப்புச் சத்தம் வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் உலர்ந்த கரி படிந்திருந்தது. பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. பணிமனையில் கேட்டபோது எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று சொல்லி, இன்னொரு மேப்பை ஏற்றித் தர முன்வந்தார்கள்.

அதற்கு முன், என் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தவர், “மேப்பு கெடக்கட்டுங்க தம்பி, மொதல்ல பெண்ட் பைப்புல லீக் இருக்குதான்னு பாத்துருவோம்” என்றார். எஞ்சின் குளிர்ந்திருந்த நிலையில் சைலன்சர் வாய் வழியாக மெதுவாகக் காற்றை ஊதிக்கொண்டே, சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் சோப்பு நீரைத் தெளித்தார். ஒரு பக்கத்தில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. கழற்றிப் பார்த்தபோது, ஏற்கெனவே நசுங்கிய பழைய கேஸ்கட்டையே (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) திரும்ப வைத்துப் பூட்டியிருந்தது தெரிந்தது. அதன் ஒரு விளிம்பு நெடுகக் கரிக்கோடு ஓடியிருந்தது.

வெளியே கசியும் வாயுவைவிட உள்ளே நுழையும் காற்றே இங்கே பெரிய கேடு. எக்ஸாஸ்ட் வாயு ஒரே சீராகப் பாய்வதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் அழுத்த அலை வெளியேற, அதன் பின்னாலேயே அழுத்தம் குறைந்த அலை வருகிறது. அந்த நொடியில் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. வண்டியிலேயே இருக்கும் ஓ2 சென்சார் அளப்பது வாயுவில் மீந்திருக்கும் ஆக்ஸிஜனை. வெளியிலிருந்து நுழைந்த ஆக்ஸிஜனுக்கும் எரியாமல் மிஞ்சிய ஆக்ஸிஜனுக்கும் அதனால் வேறுபாடு காண இயலாது. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அது இசியூவுக்குச் சொல்ல, இசியூ இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. மேப் ஏற்றும்போது வைட்பேண்ட் சென்சாரும் அதே பொய்யான அளவைத்தான் காட்டியிருக்கும் என்பதால், மேப்பிலும் அந்த அளவு எடுக்கப்பட்ட கட்டங்களில் பெட்ரோல் கூட்டப்பட்டிருந்தது. முழுத் த்ராட்டிலில் (ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகும்போது) அழுத்தம் மிகுந்திருப்பதால் வெளிக்காற்று அவ்வளவாக நுழைவதில்லை. டைனோவில் உச்சக் குதிரைத்திறன் நன்றாக வந்ததற்கும், நகருக்குள் பெட்ரோல் தீர்ந்ததற்கும் காரணம் அதுவே.

புதிய கேஸ்கட் போட்டு, பிக்கிபேக்கைக் கழற்றி, நிறுவன மேப்பிலேயே சில டேங்க் பெட்ரோல் ஓட்டினேன். ஒரே பங்க்கில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க் வாயில் ஒரே மட்டம் வரை நிரப்பி அளந்தபோது மைலேஜ் 30-க்குத் திரும்பியது; வெடிப்புச் சத்தமும் பெரிதும் அடங்கியது. மேப்பிங்கைப் பற்றி நான் உண்மையில் புரிந்துகொண்டது அதன் பிறகுதான்.

சீரான வேகத்தில், த்ராட்டில் சிறிதளவே திறந்திருக்கும்போது, இசியூ ஓ2 சென்சாரின் சொல்லைக் கேட்டே இயங்குகிறது. சென்சாரின் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டை ஒட்டி மேலும் கீழும் தாவும்படி பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. சுத்தமான பெட்ரோலுக்கு இது ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம். கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். இப்பகுதியில் மேப்பில் பெட்ரோலைக் குறைத்தாலும் கூட்டினாலும், இசியூ சிறிது நேரத்தில் அதைத் தன் போக்குக்குத் திருத்திவிடும். சென்சாரின் சைகையையே மாற்றிக் காட்டும் சிறு கருவிகளைச் சிலர் பொருத்துகிறார்கள். அவை பெரும்பாலும் கலவையைச் செறிவாக்கி வண்டியை மிருதுவாக ஓடச் செய்கின்றன. மைலேஜைக் குறைக்கவே செய்யும். ஆகவே ‘மைலேஜ் மேப்’ என்று தனியாக ஒன்றை விற்பவரிடம், சென்சார் இயங்கும் பகுதியில் அது எதை எப்படி மாற்றுகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

மேப்பிங்கிற்கு உண்மையான இடம் சென்சாரின் சொல் செல்லாத பகுதியில், அதாவது மலையேற்றத்திலும் முந்திச் செல்லும்போதும் த்ராட்டில் பெரிதாகத் திறக்கும் கட்டங்களில் இருக்கிறது. அங்கே நல்ல இழுவைக்கு, சுத்தமான பெட்ரோல் கணக்கில், 12.5 முதல் 13 வரையிலான விகிதம் வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், இ20-க்குச் சமநிலை விகிதம் ஏறத்தாழ 13.5-க்கு இறங்குகிறது. சுத்தமான பெட்ரோலையோ 10 விழுக்காடு எத்தனால் கலந்த இ10-ஐயோ நினைத்து எழுதிய மேப், சென்சார் தலையிடாத கட்டங்களில் இதற்குச் சற்றுக் குறைவாகவே பெட்ரோல் ஊற்றும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு, கோடை வெயிலில், முழுச் சுமையில் அது நல்லதன்று. இரண்டாம் முறை வேறோர் இடத்தில் மேப் செய்தபோது அந்தக் கட்டங்களில் மட்டுமே பெட்ரோலைக் கூட்டச் சொன்னேன். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜில் சிறு இழப்பு தவிர்க்க முடியாதது. 2021-இல் வெளியான நிதி ஆயோக்கின் எத்தனால் திட்ட அறிக்கையே, இ10-க்கு ஏற்ப அளவமைத்த இருசக்கர வாகனங்களில் இது 3 முதல் 4 விழுக்காடு என்று கூறுகிறது. அந்த இழப்பை எந்த மேப்பாலும் முழுமையாக மீட்க முடியாது.

மைலேஜில் எனக்குக் கிடைத்த சிறு முன்னேற்றம் பெட்ரோல் மேப்பிலிருந்து வரவில்லை. இக்னிஷன் டைமிங்கிலிருந்து வந்தது. 3,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை, குறைந்த சுமையில், தீப்பொறியை ஓரிரு டிகிரி முன்னதாக விழச் செய்ததில், அதே வேகத்துக்குத் த்ராட்டிலைக் குறைவாகத் திறந்தாலே போதும் என்றானது; நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 31-ஐ ஒட்டிக் கிடைக்கிறது. சுமை ஏறும் கட்டங்களில் டைமிங்கைத் தொடவிடவில்லை, ஏனெனில் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) தொடங்கினால் பிஸ்டனுக்கே ஆபத்து. சைலன்சரால் மட்டும் டைனோவில் கூடிய திறன் அரைக் குதிரைத்திறன்கூட இல்லை. வண்டியின் எடை குறைந்ததுதான் அதனால் கிடைத்த மெய்யான நன்மை.

கார்புரேட்டர் வைத்த பழைய புல்லட்டில் நண்பர் ஒருவர், வாயு தடையின்றி வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் பொருத்தியபோது நேர்மாறாக நடந்தது. அங்கே திருத்துவதற்கு இசியூ இல்லை. கலவை மெலிந்து, பிளக் நுனி வெளுத்து, எஞ்சின் சூடேறியது. பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக மாற்றிய பிறகே நுனி காப்பிப் பொடி நிறத்துக்கு வந்தது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய வண்டிகளுக்கான விதிகளில் 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 80 டெசிபல் என்று வரம்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சைலன்சர் வாயில் சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றினால் இந்த எஞ்சினில் கூடுவது காதைத் துளைக்கும் சத்தம் மட்டுமே என்பதால், அதை நான் கழற்றவே இல்லை.

மேப் செய்யப் போகிறவர்கள் பெண்ட் பைப்பைக் கழற்ற நேர்ந்தால் புதிய கேஸ்கட்டைக் கையோடு வாங்கிச் செல்லுங்கள். வண்டி நன்றாகச் சூடாகி ஆறிய பின் பெண்ட் பைப்பின் நட்டுகளை ஒருமுறை மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். டைனோ தாளில் உச்சத் திறனோடு, 2,500 முதல் 4,500 ஆர்பிஎம் வரையிலான காற்று–பெட்ரோல் விகிதக் கோட்டையும் அச்சிட்டுத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.