நீங்கள் எழுதியதில் எந்த வரியை வாசகர் திருப்பிச் சொன்னார்?

தக்கலையிலிருந்து:

நானே தொடங்குகிறேன். பத்மநாபபுரம் கொட்டாரத்தை, அதாவது அரண்மனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இரண்டு வாரம் நூலகத்தில் கிடந்து திரட்டிய விஷயம். திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர், 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன கதை, தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் விசித்திரம் என்று ஒன்றையும் விடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு தேநீர்க் கடையில் பஸ் நடத்துநர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் தரை உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மே மாத வெயில். அவளும் உள்ளே போனவுடன், அப்பா, தரை குளிர்கிறது என்றாள்" என்றார். எனக்குள் இருந்த அற்பன் சும்மா இருக்கவில்லை. தலைநகர் மாறிய ஆண்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அந்த வரி கட்டுரையில் திட்டமிட்டு வந்ததல்ல. இரண்டு பத்திகளை ஒட்டவைக்கப் போட்ட பசை. சரி, இதுதான் வித்தை என்று அடுத்த கட்டுரையில் பத்திக்குப் பத்தி குளிரவும் மணக்கவும் வைத்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

ஆண்டெல்லாம் யார் நினைவிலும் நிற்காது என்கிற தொனி தெரிகிறது. என் அனுபவம் வேறு.

பள்ளி மலருக்காக நம் கன்னியாகுமரி மாவட்டம் உருவான வரலாற்றை எழுதியபோது 1956 நவம்பர் 1 என்பது 1957 என்று அச்சாகிவிட்டது. அச்சுப் பிழை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன், பிழை என்னுடையதுதான். அந்த வாரமே வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர், மலரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி பள்ளிக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது தெரியுமா?" தெரியும் என்றேன். தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த போராட்டம் அது. "அப்போது நான் சின்னப் பையன். ஊர்வலத்துக்குப் போன அண்ணன் வீடு திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பொறுத்துத்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். நீங்கள் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்."

எனக்கு அது ஓர் எண். அவருக்கு வாசலில் நின்ற அம்மா. ஒட்டுத்தாளில் சரியான ஆண்டை எழுதி, மிச்சமிருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் நானே உட்கார்ந்து ஒட்டினேன். பசை தீர்ந்து கடைசியில் சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டியதும் உண்டு. அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். இப்போதும் எங்காவது பார்த்தால், "டீச்சர், வருடம் சரிதானே?" என்பார்.

குலசேகரத்திலிருந்து:

என்னைத் திருத்தியது என் அத்தை. இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'வைகறைப் பனியில் மரங்கள் வெண்முத்துகளைச் சிந்துகின்றன' என்று ஆரம்பம். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அத்தை கேட்டார்: "மக்களே, எதற்காக இருட்டோடு எழுந்து போகிறோம் என்று எழுதினாயா?" எழுதவில்லை. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், அதனால்தான் விடியும் முன்பே வெட்டுகிறார்கள். நான் அதை அழகுக்காக நடக்கும் காரியம்போல் எழுதியிருந்தேன். பிறகு அவர் விரலால் மேசையில் சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவைப்போல உரித்து எடுத்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாக நின்றால் பால் வராது. சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரம். "ஒட்டுப்பால் சாக்கோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கையில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். அந்த நாற்றத்தை எழுது. அதில்தான் உன் மாமாவின் கடனை அடைத்தேன்" என்றார்.

முத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு, காலியாக இருந்த அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்து கட்டுரையைத் தொடங்கினேன். படித்தவர்கள் இன்றுவரை கேட்பது ஒரே கேள்வி: அத்தை எப்படி இருக்கிறார்?

தோவாளையிலிருந்து:

பூச்சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'கமகமக்கும்' என்றே ஆரம்பிக்கிறார்கள். நானும் ஆரம்பித்தேன். பூக்கட்டும் என் அம்மா முதல் வரியோடு தாளை மடித்து வைத்துவிட்டார். இவ்வளவுதான் என் அனுபவம்.

தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து:

எங்கள் சித்தப்பா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கடலில் மீன் கூடும் பாறைத்திட்டுகளை, பார் என்போம், கருவி எதுவும் இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன். 'தலைமுறைகளின் அனுபவ ஞானத்தால்' என்று ஒரு வரி வந்தது. "நிறுத்து. அப்படியென்றால் என்ன?" என்றார்.

நான் விழித்தேன். மணலில் குந்தி உட்கார்ந்து வரைந்தார். கரையில் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலைமுகடு. வள்ளத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் ஒரு தென்னந்தோப்பின் முனையும் வேறொரு குன்றும் அதேபோல் சேர்ந்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கீழே பார் இருக்கிறது. வள்ளம் கொஞ்சம் நீரோட்டத்தில் விலகினாலும் கோபுரம் மலையை விட்டு நகர்ந்துவிடும். எந்தக் கோபுரம், எந்த மலை என்று பெயரோடு சொன்னார். ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே சிறந்த பத்தி அதுதான் என்று அன்றிரவு நினைத்தேன்.

காலையில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பெயர்களை எல்லாம் அடித்துவிடு. இது என் அப்பா எனக்கு மட்டும் சொன்ன பார்."

அடித்துவிட்டேன். அச்சில் வந்தது 'ஒரு கோபுரம், ஒரு மலை' என்றுதான். படித்தவர்கள் எந்த மலை, எந்த மலை என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.