டெஃப்லான் தகடும் 10.35 கிகாஹெர்ட்ஸும்

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி லேபில் ஆராய்ச்சி செய்தபோது நடந்தது இது. மைக்ரோவேவ் அலையை வைத்துக் கல்லின் மின் குணத்தை அளக்கும் வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மேலூர் கிரானைட்டின் சார்பு விடுதிறனை (relative permittivity, மின்புலத்துக்கு ஒரு பொருள் வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு ஈடுகொடுக்கிறது என்று சொல்லும் எண்) 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும். லென்ஸ் பொருத்திய இரண்டு ஹார்ன் ஆண்டெனா எதிரெதிரே, கற்றை குவியும் இடத்தில் கல். அலைவழிக் குழாய்க்குள் (waveguide, அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்) அடங்கும்படி கல்லை அறுத்து இழைக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி, கற்றை சின்ன இடத்தில் குவிவதால் விளிம்பில் பட்டுச் சிதறும் தொல்லையும் குறைவு.

கல்லுக்கு முன்னால் டெஃப்லானை வைத்துச் சரிபார்ப்பது வழக்கம், அதன் மதிப்பு ஏறத்தாழ 2.1. நான் வைத்தது 10 மி.மீ. தகடு. அளந்த மதிப்பின் கோடு ஒழுங்காகப் போய், 10.3 பக்கம் வந்ததும் ஊசி மாதிரி எகிறி, தாண்டியதும் மறுபடி 2.1-க்கே இறங்கியது. அப்போது மே மாதம், கரண்ட் வேறு அடிக்கடி போகும், வந்தபிறகு அலையை அனுப்பி அளக்கும் கருவியான அனலைசர் சூடேறி நிலைக்கும் வரை காத்திருந்து கேலிப்ரேஷனை முதலிலிருந்து செய்யணும். அதனால் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். மாற்றினேன். தகட்டை நகர்த்தியும் பார்த்தேன் (1 மி.மீ. தள்ளினாலே 10 கிகாஹெர்ட்ஸில் எதிரொளித்து வரும் அலையின் கட்டம் (phase) 24 டிகிரி மாறிவிடும்). நான்கு நாள் போனது, ஊசி அப்படியே நின்றது.

லேப் அண்ணன்தான் கேட்டார்: "ஏப்பா, இது எத்தனை மில்லி? வேற கனத்துல வச்சுப் பாத்தியா?"

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டெஃப்லானுக்குள் அலைநீளம் சுருங்கி, 10.35 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சரியாக 10 மி.மீ. ஆகிறது. அங்கே முன்பக்கமும் பின்பக்கமும் எதிரொளிப்பவை ஒன்றையொன்று அழித்துவிடும், மிஞ்சுவது வெறும் இரைச்சல், எதிரொளித்ததையும் ஊடுருவியதையும் கொண்டு மதிப்பைக் கணக்கிடும் நிக்கல்சன்-ராஸ்-வெயர் சூத்திரம் அதை வைத்துத்தான் வகுக்கிறது. 6 மி.மீ. தகடு வைத்ததும் ஊசி காணாமல் போனது, ஏனென்றால் அதற்கு அந்த இடம் 17 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே.

அப்புறம் கல். பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்தது, அதனால் நன்றாகக் காயவைத்துத்தான் எடுத்தேன், ஈரம் இருந்தால் மதிப்பு ஏறும். கனம் 18 மி.மீ., மதிப்பு 5.5 பக்கம் இருந்தால் மூன்று அரை அலைநீளம் கல்லுக்குள் அடங்கும் 10.6-இல் ஊசி வரும் என்று நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்தேன். அங்கேயேதான் வந்தது. கல்லை மெலிசாக்க வழியில்லை, ஆகவே எதிரொளிப்பை விட்டுவிட்டு, ஊடுருவி வந்த அலையை மட்டும் வைத்து மதிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கணக்கிட்டேன், கோடு நேரானது.